உனக்குக் கேட்காமல் போன ஒரு சொல்

பிரபு,

நேற்று மத்தியானம் நீயும் மருமகள் கவிதாவும் பேத்தி இனியாவும் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிப் போன பிறகு நானும் உன் அம்மாவும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். அவள் கழுவ வேண்டிய போர்வைகளை எடுத்துப் போட்டாள். நான் தோப்புக்குப் போய் இரண்டு வரிசைத் தென்னைக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத் திரும்பினேன். இன்று காலை உன் அக்கா சுமதி உடுமலையிலிருந்து போன் செய்து, தம்பி பத்திரமாக ரயில் ஏறிவிட்டானாம் என்றாள். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் இதை எழுத உட்கார்ந்தேன். நான் லைன்மேனாக இருந்த காலத்தில் லீவு லெட்டரும், மரக்கிளை வெட்டச் சொல்லி மேலதிகாரிக்கு எழுதிய காகிதங்களும் தவிர வேறு எதுவும் எழுதியவன் இல்லை. அதனால் இது நீளமாகவும் வரிசை மாறியும் போனால் பொறுத்துக்கொள்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீயோ சுமதியோ ஊருக்கு வருகிறீர்கள் என்று தெரிந்தால் உன் அம்மா முறுக்குக்கு மாவு அரைப்பாள், கட்டிலை வெயிலில் போடுவாள். எனக்கு அப்படிச் செய்யத் தெரியாது. காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் வேலைகளை எழுதத் தொடங்கிவிடுவேன். வில்லேஜ் ஆபீசில் நிலத்துக்குக் கரம் அடைக்க வேண்டும். மேல்தொட்டியைக் கழுவ வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரனிடம் வேலிக்கல் விஷயம் பேச வேண்டும். பையன் வந்ததும் செய்துகொள்ளலாம் என்று நான்கு மாதமாகக் கிடக்கும் வேலைகளும் அதில் சேர்ந்துகொள்ளும். எழுத எழுத எனக்கு உற்சாகமாக இருக்கும். நீ வருவதில் எனக்கு இருந்த சந்தோஷம் அந்தத் தாள்தான். வேறு விதமாக அதைக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இது எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னும், நீ பிறந்து நான்கு வயது ஆகும் வரையிலும் நான் தேவிகுளத்துப் பக்கம் மலையில் வேலையில் இருந்தேன். மாதத்தில் ஒருமுறை, மூன்று நாள் வீட்டுக்கு வருவேன். மூணாறில் விடியும் முன் பஸ் ஏறி, மறையூர் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி மாறி எருத்தேன்பதி வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருக்கும். உன் தாத்தா என்னைப் பார்த்ததும் "வந்துட்டியா" என்பார். அடுத்த பேச்சு வாய்க்காலைப் பற்றித்தான் இருக்கும். ஒருமுறை காய்ச்சலோடு வந்தேன். மலை மழையில் இரண்டு நாள் கம்பத்து மேலேயே நின்று வாங்கிக்கொண்ட காய்ச்சல். அன்றும் அவர் மண்வெட்டியை நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டு போய் இருட்டும் வரை வாய்க்கால் வெட்டினேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பாவுக்கு நம்மால் ஒரு பிரயோசனம் இருக்கிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்பன் மகன் பேச்சு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமை உனக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டது என் முதல் தப்பு.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நீ கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாய். முதல் நாள் கிட்டே வரமாட்டாய். இரண்டாம் நாள் சாயங்காலம் மெதுவாக வந்து என் முதுகில் சாய்வாய். மூன்றாம் நாள் தோளில் ஏறி உட்காருவாய், நான் கிளம்ப வேண்டியிருக்கும். உன் அம்மா சொல்வாள், "ஏனுங்க, மொத நாளே அவனத் தூக்கினா என்னங்க? அவனா வரட்டும்னு இருந்தா உங்க லீவு முடிஞ்சு போகுது." அவனாக வரட்டும் என்று காத்திருப்பதுதான் மரியாதை என்று எனக்கு ஒரு எண்ணம். மூன்று வயதுப் பிள்ளையிடம் என்ன மரியாதை என்று இப்போதுதான் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, போன வருஷத்துப் பொங்கலுக்கு வருகிறேன். நீ தனியாக வந்தாய். இனியாவுக்குப் பள்ளிக்கூடம், கவிதாவால் வர முடியவில்லை என்றாய். முதல் நாள் உன்னை வில்லேஜ் ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். உன் தாத்தா பேரில் இருந்த நிலத்தின் போக்குவரவு முடியாமல் கிடந்தது. பட்டா மாற்றத்தை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பது புனேயிலிருந்து வரும் உனக்கு மறந்தே போயிருந்தது. அங்கே பெஞ்சில் காத்திருந்தபோது, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றாய். அந்த நேரத்தில் நம் பெயரைக் கூப்பிட்டார்கள். பிறகு நான் அதைக் கேட்கவில்லை. சாயங்காலம் மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்று மறுபடியும், "அப்பா" என்று ஆரம்பித்தாய். "நாளைக்கு மோட்டார் தூக்கறவங்க வந்துருவாங்க, நேரமா எந்திரிச்சுக்கோ" என்றேன். நீ "செரிங்ப்பா" என்று உள்ளே போய்விட்டாய்.

மறுநாள் நடந்தது உனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போர்வெல் மோட்டாரை மேலே எடுக்க வேனோடு இரண்டு பேர் வந்தார்கள். வேனைக் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, முக்காலி நட்டு, செயின் போட்டு ஒவ்வொரு பைப்பாகத் தூக்கினார்கள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நீ பைப்பைக் கவ்வும் கிளாம்பைப் பிடித்திருந்தாய். நாலாவது பைப்பைக் கழற்றும்போது கிளாம்ப் இறுகவில்லை என்று எனக்குத் தெரிந்தது. "முறுக்கு, முறுக்கு" என்று உன் இடது பக்கமிருந்து கத்தினேன். நீ திரும்பவே இல்லை. பைப் நழுவி, மோட்டாரோடு மொத்தமாகப் போருக்குள் போய்விட்டது. நான் உன் முன்னால் வந்து நின்று கை நீட்டிக் கத்தினேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு கையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குள் போனாய். கோபித்துக்கொண்டு போகிறான், போகட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னும் ஒரு நாள் இருக்க வேண்டியவன் மறுநாள் காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். "ஆபீஸ்ல கூப்பிட்டாங்க" என்று அம்மாவிடம் சொன்னாய். நான் போரில் கொக்கி போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து தலையை ஆட்டினேன்.

வைகாசியில் சுமதி வந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"அப்பா, தம்பிக்குக் காது போயிருச்சுங். உங்களுக்குத் தெரியுமாங்?"

"என்ன போயிருச்சு?"

"எடது காது சுத்தமாக் கேக்காது. போன ஐப்பசில ஒரு காய்ச்சல் வந்துதல்லங், அதுல போயிருச்சு. வலது காதும் பாதிதான். மிசினு போட்டிருக்கறான். பொங்கலுக்கு அதச் சொல்லத்தான் வந்தான். மிசின கழட்டி சட்டப் பையில வெச்சுக்கிட்டு வந்திருக்கறான், நீங்க பாத்தா என்ன நெனப்பீங்களோன்னு."

உன் அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதுவரை தெரியாது. "கவிதாகூட எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு" என்றாள். சுமதி, "அவன்தான் சொல்ல வேண்டாம்னு சொன்னானாம்மா. அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்னு சொன்னானாம்" என்றாள். அம்மா அடுத்த சில நாட்கள் எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, கூப்பிடாமல் போய்விடுவாள். நானாகப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டேன்.

உனக்குப் போன் செய்தேன், நினைவிருக்கும். "காது எப்படி இருக்குது?" என்று கேட்டேன். "பரவால்லீங்ப்பா" என்றாய். "செரி" என்றேன். "எப்ப லீவு?" என்றேன். "பாக்கலாங்ப்பா" என்றாய். அவ்வளவுதான். போனை வைத்த பிறகு, கேட்க நினைத்தவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. திரும்பவும் கூப்பிடலாம்தான். கூப்பிடவில்லை. அன்று ஜெனரேட்டர் சத்தத்தில் உன்னைப் பார்த்து நான் சொன்ன சொல் எனக்கு ஞாபகம் இருந்தது. "செவுடா" என்று சொல்லியிருந்தேன். "ஏண்டா செவுடா, காது கேக்காதா உனக்கு" என்று. ஒருவனுடைய காது போய், அதைச் சொல்ல முடியாமல் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து நிற்கும்போது, அவனைப் பெற்றவன் சொன்ன சொல் அது. அதைக் கேட்டதனால்தான் நீ கிளம்பிப் போனாய், அதனால்தான் வரமாட்டேன் என்கிறாய் என்று நான் முடிவு செய்துகொண்டேன். நியாயம்தான் என்றும் பட்டது. போன தீபாவளிக்கு நீ வரவில்லை. இந்தப் பொங்கலுக்கும் வரவில்லை. கோடை லீவுக்கு இனியாவை மட்டும் சுமதி வீட்டுக்கு அனுப்பினாய். சுமதி பத்து நாள் அவளை இங்கே கொண்டுவந்து விட்டாள். பிள்ளை ஒவ்வொரு சாயங்காலமும் வீடியோவில் உன்னிடம் பேசியது. நான் அந்தப் படத்துக்குள் வராத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் தீபாவளிக்கு நீங்கள் வந்ததற்குக் காரணம் உன் அம்மா. அவள் போனில் பேசியதைக் கேட்டேன். "உங்கப்பாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் ஒண்ணுமில்ல. நெலத்துல ஒரு சோலியும் கெடையாது. சும்மா வந்து அஞ்சு நாளு இருந்துட்டுப் போங்க சாமி" என்றாள். நீங்கள் டிக்கெட் போட்டுவிட்டீர்கள் என்று கவிதா சொன்ன அன்று நான் வழக்கம்போல ஒரு காலண்டர் தாளைக் கிழித்தேன். நாலு வரி எழுதியிருப்பேன். அம்மா எட்டிப் பார்த்தாள். "அவன் லீவுக்கு வர்றானா, உங்க மராமத்துக்கு வர்றானாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தாளை அடுப்பில் போட்டேன். அந்த நாலு வேலையையும் நீங்கள் வருவதற்கு முன் நானே முடித்தேன். ஒன்றுக்கும் நீ தேவைப்படவில்லை. இத்தனை வருஷமும் தேவைப்பட்டிருக்கவில்லை.

நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மழை பிடித்திருந்தது. இனியா முதலில் குதித்தாள். நீ கடைசியாக இறங்கினாய். வலது காதில் மிசின் இருந்தது. நான் அதைப் பார்க்காதது போல இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தேன். ஆனால் பார்த்துவிட்டேன், நீயும் நான் பார்த்ததைப் பார்த்தாய். பெட்டியை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், அந்த ஐந்து நாளும் எனக்குப் பசி எடுத்தது. இதைத்தான் என்னால் சாட்சியாகச் சொல்ல முடியும். இரண்டாம் நாள் காலை அம்மா, "ரெண்டு இட்டிலி சேத்தித் திங்கறீங்க, வகுறு பத்திரம்" என்றாள். மத்தியானத்தில் தூங்காமல், வீட்டுக்குள் யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம், கவிதா பாத்திரம் வைக்கும் சத்தம், இனியா ஆட்டுக்குட்டியை அதட்டும் சத்தம். சும்மா கிடந்து இதையெல்லாம் கேட்பது ஒரு வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் நீயாகத்தான் தோப்புக்கு வந்தாய். நான் வாய்க்கால் மேட்டில் இருந்தேன். நீ வந்து உட்கார்ந்தாய். நான் எழுந்து உன் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.  பிறகு நான், இன்று சொல்லாவிட்டால் இனி சொல்ல மாட்டேன் என்று தெரிந்து, ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு மோட்டார் தூக்கறப்ப நாஞ் சொன்னது தப்பு, பிரபு. எனக்கு உன் காதப் பத்தித் தெரியாது. தெரியாட்டியும் சொல்லியிருக்கக் கூடாது."

நீ என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "என்ன சொன்னீங்ப்பா?" என்றாய்.

நான் கேள்வி புரியாமல் இருந்தேன்.

"எனக்குக் கேக்கலீங்ப்பா. ஜெனரேட்டர் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. நீங்க வாயசைக்கறது தெரிஞ்சுது, கையக் காட்டினது தெரிஞ்சுது."

"செவுடான்னு சொன்னேன்."

நீ குனிந்து ஒரு மட்டையைத் தள்ளி வைத்தாய். "அவ்வளவுதானுங்களா?" என்றாய்.

"அவ்வளவுதான். அப்பறம் வேன்ல இருக்கற இன்னொரு செயின எடுத்தாடான்னு சொன்னேன். வேன் கேட்டுக்கிட்ட நின்னுதல்ல, அதக் காட்டினேன்."

"நீங்க கேட்டக் காட்டினீங்க" என்றாய். உன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "வெளியில போ, இனி இந்த ஊட்டுப் பக்கம் வராதேன்னு சொன்னீங்கன்னு நெனச்சுட்டனுங்ப்பா. மோட்டார உள்ள உட்டுட்டனேன்னு."

பிரபு, நான் அறுபத்தெட்டு வயதுக்காரன். கம்பத்திலிருந்து இரண்டு முறை விழுந்திருக்கிறேன். என் அப்பாவையும் அம்மாவையும் என் கையால் கொள்ளி வைத்து அனுப்பியிருக்கிறேன். அந்த வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஆனது இதற்கு முன் ஆனதில்லை. ஒன்றே முக்கால் வருஷம் ஒருவன் தன் அப்பன் தன்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு புனேயில் வேலைக்குப் போய் வந்திருக்கிறான். போனில் நான் கேட்ட 'எப்ப லீவு' அந்த நினைப்பை மாற்றப் போதவில்லை. அந்த அப்பன் இங்கே, தான் சொன்ன வேறொரு சொல்லுக்காக வெட்கப்பட்டுக்கொண்டு மறுபடி போனை எடுக்காமல் இருந்திருக்கிறான். இரண்டு பேரில் ஒருவர் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நீ அதை நம்பியதுதான் என்னை அதிகம் தாக்கியது. அப்படியொரு வார்த்தையை நான் சொல்லக்கூடியவன் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. இல்லை, அப்பா அப்படிச் சொல்ல மாட்டார் என்று உறுதியாக நினைப்பதற்கு வேண்டியதை நான் முப்பத்தாறு வருஷத்தில் உனக்குக் கொடுத்திருக்கவில்லை. இதை நான் பழியாகச் சொல்லவில்லை. கணக்காகவும் சொல்லவில்லை. நடந்தது இது.

நான் உன் தோளில் கை வைத்தேன். எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று தெரியாமல் சீக்கிரமே எடுத்துவிட்டேன். நீ, "அந்த மோட்டார் கெடச்சுதுங்களா?" என்று கேட்டாய். "மூணாம் நாளு கெடச்சுது" என்றேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதன் பிறகுதான் நீ உன் காதைப் பற்றி முதலிலிருந்து சொன்னாய். காய்ச்சல் விட்ட காலையில் போனை இடது காதில் வைத்து, போன் கெட்டுவிட்டது என்று நினைத்தது. பஸ்ஸில் யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் திரும்புவது. கம்பெனியில் உன்னை ஸ்டோருக்கு மாற்றியது. இனியாவின் மழலை எந்த நாளில் சரியான பேச்சாக மாறியது என்று உனக்குத் தெரியாமல் போனது. நான் குறுக்கே பேசவில்லை. எனக்கு அறிவுரை சொல்லத் தோன்றிய இடங்கள் மூன்று நான்கு இருந்தன. சொல்லவில்லை.

இப்போது ஒன்றிரண்டு சொல்கிறேன், அப்பன் என்பதால். இனியாவும் ஒருநாள் எங்காவது ஊரில் இருந்து லீவுக்கு வருவாள். அவள் வந்த முதல் நாள் அவளுக்கு எந்த வேலையும் வைக்காதே. எந்தக் கேள்வியும் கேட்காதே, சாப்பிட்டாயா என்பதைத் தவிர. அவள் "அப்பா" என்று ஆரம்பித்தால் கையில் எது இருந்தாலும் கீழே வை. அவள் உன்னைக் கூப்பிட்டு உனக்குக் கேட்காமல் போகும் நேரங்களும் வரும். அப்போது அவள் கோபித்துக்கொள்ளும் முன், கேட்கவில்லை என்று நீயே சொல்லிவிடு. மிசினைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யார் வீட்டுக்கும் போகாதே. முக்கியமாக இந்த வீட்டுக்கு. கோபம் வந்தால் இரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்காதே, மூன்றாம் நாள் போன் செய்து சண்டையாவது போடு. இது எல்லாம் நான் செய்யாதவை. செய்து பார்த்துச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. நேற்று பஸ் வருவதற்கு முன் கவிதா என்னிடம், "அடுத்து எப்ப வரட்டுங் மாமா?" என்று கேட்டாள். நான், "பள்ளிக்கூட லீவு பாத்துக்குங்க" என்றேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். பஸ் வந்துவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவள் சொன்னாள், "நீங்க ஒரு தடவ கூட அவன வான்னு சொன்னதில்லீங்க. எப்ப லீவுன்னுதான் கேப்பீங்க." நான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். நீ இன்ஜினியரிங் படிக்கப் போனதிலிருந்து எத்தனையோ முறை வந்து போயிருக்கிறாய். எப்ப வர, எப்ப லீவு, எப்ப பஸ்ஸு என்று கேட்டிருக்கிறேன். அந்த ஒரு எழுத்துச் சொல்லை நான் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதனால்தான் போன் செய்யாமல் இதை எழுதுகிறேன். காதில் விழுந்ததா, வாயசைவு சரியா, கை எந்தப் பக்கம் காட்டியது என்ற சந்தேகம் எதுவும் இல்லாமல் இது உன்னிடம் காகிதத்தில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வா, பிரபு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வா. சொல்லிவிட்டும் வரலாம், சொல்லாமலும் வரலாம். நான் வீட்டில் இல்லாவிட்டால் தோப்பில் இருப்பேன்.

அப்பா